அறுபது பிள்ளைகள்: பெரிய காஞ்சிபுரத்து அரசுப் பள்ளிக் கணக்கு

அரசுப் பள்ளிகளில் மாணவர் சேர்க்கை இப்போதெல்லாம் மார்ச் 1ஆம் தேதியே தொடங்கிவிடுகிறது. இந்த ஆண்டு பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் காலனியை ஒட்டிய தொடக்கப் பள்ளிக்காக நானும் இரண்டு கல்லூரி மாணவிகளும் வீடு வீடாகப் போனோம். கையில் துண்டறிக்கை, ஒரு நோட்டு. ஐந்து வயது நிறையப்போகும் பிள்ளை இருக்கும் வீடுகளைக் குறித்துக்கொண்டே வந்தோம்.

ஒரு வீட்டு வாசலில் ஒரு அக்கா உட்கார்ந்து பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். துண்டறிக்கையை வாங்கிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

“அந்த ஸ்கூலா? வாணாம்மா. அங்க நம்ம புள்ளைங்க மட்டும்தானே படிக்குது.”

“நம்ம புள்ளைங்க படிச்சா என்னக்கா?”

“நம்ம புள்ளைங்க மட்டும் படிக்கிற எடத்துல எவன் ஒழுங்கா சொல்லிக் குடுப்பான்? நீயே சொல்லு.” கொஞ்ச நேரம் நூலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “ஆமா, உன் பொண்ணு எங்க படிக்குது?”

என் மகள் அப்போது ஒரு தனியார் பள்ளியில் யூகேஜி. அதைச் சொன்னேன். அக்கா கோபப்படவில்லை, கிண்டல் செய்யவும் இல்லை. “அதான்” என்று மட்டும் சொல்லிவிட்டு நூல் சுற்றத் தொடங்கினார். என்னுடன் வந்த மாணவிகள் இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

சமூகவியலில் முதுகலை படித்தவள் நான். பள்ளிக் கல்வி, சாதி, இடைநிற்றல் என்று எத்தனையோ கட்டுரை வாசித்திருக்கிறேன். அந்த அக்காவின் இரண்டு வரிக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு மூன்று மாதம் நான் பார்த்ததையும் விசாரித்ததையும் இங்கே எழுதுகிறேன். கல்விக் களத்தில் வேலை செய்ய வரும் தம்பி தங்கைகளுக்கு இது உதவும் என்று நினைக்கிறேன்.

மூன்று பள்ளிகள்

ஒன்றுக்கொன்று நடந்து போகும் தூரத்தில் இருக்கும் மூன்று பள்ளிகளை எடுத்துக்கொண்டேன். பெயர் வேண்டாம். எந்தப் பள்ளியின் மீதும் புகார் சொல்வதற்காக இதை எழுதவில்லை.

முதலாவது, நாங்கள் ஆள் சேர்க்கப் போன பள்ளி. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 54 பிள்ளைகள். ஏறக்குறைய எல்லோரும் காலனிப் பிள்ளைகள். இரண்டு ஆசிரியர்கள். இரண்டாவதும் அரசுப் பணத்தில் நடக்கும் தொடக்கப் பள்ளிதான், கோயில் பக்கத்து வீதிகளுக்கு நடுவில் இருக்கிறது. பிள்ளைகள் எண்ணிக்கை முதல் பள்ளியைப்போல் மூன்று மடங்குக்கு மேல். வகுப்புக்கு ஒரு ஆசிரியர் உண்டு. பல சாதிப் பிள்ளைகளும் வருகிறார்கள். மூன்றாவது, ஒரு தனியார் நர்சரி பிரைமரி பள்ளி. வேன், டை, ஷூ, ஆங்கில வழி.

முதல் இரண்டு பள்ளிக்கும் பாடப்புத்தகம் ஒன்றுதான். 2011இல் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்ற சமச்சீர் கல்வி வந்த பிறகு, மூன்றாவது பள்ளிக்கும் அடிப்படைப் பாடத்திட்டம் அதுதான். முதல் இரண்டிலும் ஆசிரியர்கள் ஒரே தகுதி, ஒரே ஊதிய விகிதம். 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் விரிந்ததால், இரண்டிலும் காலையில் ஒரே உப்புமா, ஒரே பொங்கல். வேறுபாடு பிள்ளைகளின் எண்ணிக்கையில்தான்.

ஏசர் ஆய்வில் செய்வதுபோல, இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு தமிழ்ப் பத்தியைத் தலைமை ஆசிரியரின் அனுமதியோடு நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். இது ஆராய்ச்சி இல்லை. ஒரு காலை நேரத்தில் ஒருத்தி பார்த்தது, அவ்வளவுதான். முதல் பள்ளிக்கும் இரண்டாவது பள்ளிக்கும் வாசிப்பில் பெரிய வித்தியாசத்தை நான் பார்க்கவில்லை. முதல் பள்ளியில் ஒரு சிறுமி பத்தியை வாசித்து முடித்துவிட்டு, “இதுல வர்ற ஆடு கடைசியில என்ன ஆச்சு மிஸ்?” என்று கேட்டாள். தனியார் பள்ளியில் பிள்ளைகள் ஆங்கிலப் பாடத்தைக் கடகடவென்று ஒப்பித்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டபோது பாதிப் பேர் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தார்கள். அதே பிள்ளைகள் தமிழ்ப் பத்தியில் எழுத்துக் கூட்டித் தடுமாறினார்கள்.

அப்படியானால் முதல் பள்ளி நல்ல பள்ளியா? அப்படியும் சொல்லிவிட முடியாது. நான் போன இன்னொரு நாள், இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் பயிற்சிக்குப் போயிருந்தார். இன்னொருவர் எமிஸ் செயலியில் விவரம் ஏற்றிக்கொண்டிருந்தார். மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் தாமாகவே எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் எந்த அம்மா எட்டிப் பார்த்தாலும் அவர் கண்ணில் படுவது ஆசிரியர் இல்லாத வகுப்புதான்.

அறுபது என்ற கோடு

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணையில் ஒரு கணக்கு இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. 91 முதல் 120 வரை நான்கு. 121 முதல் 200 வரை ஐந்து. இதற்குக் கீழே போகக் கூடாது என்று பிள்ளைகளைப் பாதுகாக்கத்தான் இந்தக் கணக்கைச் சட்டத்தில் வைத்தார்கள். நடைமுறையில் இதற்கு மேல் போகத் தேவையில்லை என்று நிர்வாகம் படித்துக்கொள்கிறது.

54 பிள்ளைகள் என்றால் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர். காகிதத்தில் ஆசிரியருக்கு 27 பிள்ளைகள், 30க்கு ஒருவர் என்ற விதிக்குள் அழகாக அடங்குகிறது. ஆனால் அந்த 27 பேரும் ஒரே வகுப்பில் இல்லையே. ஒருவர் மூன்று வகுப்பையும் இன்னொருவர் இரண்டு வகுப்பையும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். இதைப் பார்க்கும் வசதியுள்ள பெற்றோர் பிள்ளையை வேறு இடத்தில் சேர்க்கிறார்கள். எண்ணிக்கை குறைகிறது. ஆகஸ்ட் 1 நிலவரப்படி பணியாளர் நிர்ணயம் செய்யும்போது ‘உபரி’ என்று கணக்கு வந்தால், பணிநிரவலில் ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போய்விடுவார். அடுத்த ஆண்டு இன்னும் சில பெற்றோர் வெளியேறுவார்கள். கடைசியில் “பிள்ளைகளே வரவில்லை, என்ன செய்வது?” என்று ஒரு கோப்பில் எழுதுவார்கள். 2019இல் தமிழ்நாட்டில் ஒரு பிள்ளைகூட இல்லாத 46 பள்ளிகளை நூலகமாக மாற்றினார்கள். அந்தப் பள்ளிகள் ஒரே நாளில் காலியாகவில்லை. இப்படி ஐந்து ஐந்தாகக் குறைந்துதான் அந்த இடத்துக்கு வந்திருக்கும்.

சேர்க்கை குறைந்ததால் தரம் குறைந்ததா, தரம் குறைந்ததால் சேர்க்கை குறைந்ததா என்று கருத்தரங்கில் கேட்பார்கள். எங்கள் பள்ளியில் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். அந்தச் சுழலை முதலில் தள்ளிவிட்டது எது என்பதுதான் என்னை உறுத்தியது. அக்கா சொன்ன பதிலே அதற்குப் பதில்: நம்ம பிள்ளைகள் மட்டும் படிக்கிற இடம்.

பிள்ளையை வெளியே கூட்டிப்போகும் பழக்கம்

இந்தப் பழக்கம் புதிதில்லை. 1830களின் இறுதியில் சென்னையில் ஸ்காட்லாந்து மிஷன் சார்பில் ஜான் ஆண்டர்சன் நடத்திய பள்ளியில் தலித் சிறுவர்கள் படிப்பது தெரிந்ததும், சாதி இந்து வீட்டுப் பையன்கள் கூட்டமாக வெளியேறினார்கள். ஆண்டர்சன் தலித் சிறுவர்களை அனுப்ப மறுத்துவிட்டார். அந்த மிஷன் காஞ்சிபுரத்திலும் பள்ளி நடத்தியது. ஆண்டர்சன் பெயரில் ஒரு மேல்நிலைப் பள்ளி இன்றும் ஊரில் இருக்கிறது. வரலாறு படிக்கும் தம்பிகள் இதைச் ‘சமயப் பரப்பல்’ என்ற தலைப்பில் மட்டும் படிக்க வேண்டாம், மாணவர் சேர்க்கை வரலாறாகவும் படியுங்கள்.

அப்போது காஞ்சிபுரம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் நம் மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கைதான் 1892இல் பஞ்சமி நில ஆணைக்கு வழி செய்தது. நிலம் பற்றிய பகுதியை நாம் அடிக்கடி பேசுகிறோம். 1994இல் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்ததும் அந்த நிலத்துக்காகத்தான். அடுத்த ஆண்டே, 1893 பிப்ரவரி 1 அன்று, பஞ்சமர் கல்விக்கென்று ஒரு அரசாணை வந்தது. எண் 68. பொதுப் பள்ளியில் நம் பிள்ளைகளைச் சேர்க்காத இடங்களில் சேரிகளில் தனிப் பள்ளி, பள்ளிக்குப் புறம்போக்கு நிலம், ஆசிரியர் பயிற்சிக்கு உதவி என்று அந்த ஆணை பேசியது. பிறகு 1919க்குப் பின் தொழிலாளர் துறை அந்தப் பள்ளிகளை நடத்தியது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அந்த வழியில் வந்தவைதான்.

இதே மாவட்டத்தில் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றித் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். சுமார் நானூறு மாணவர்களில் ஏறக்குறைய பத்துப் பேர் தவிர எல்லோரும் பிராமணர்கள். தன் சாதி தெரிந்துவிடக் கூடாது என்று விளையாடப் போகாமல், மணி அடிக்கும் வரை தனியே உட்கார்ந்து படித்திருக்கிறார். தலித் சிறுவன் பொதுப் பள்ளிக்குள் போனால் ஒளிந்துகொண்டு இருக்க வேண்டும், இல்லையென்றால் சேரிப் பள்ளியில் தனியாக இருக்க வேண்டும். அன்றைக்கு இருந்தது இந்த இரண்டு வழிதான்.

இன்று எந்த அரசுப் பள்ளியும் நம் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. அதனால் வெளியேற்றம் மட்டும் வேறு வடிவம் எடுத்திருக்கிறது. கட்டணம் கட்ட முடிந்தவர் வேனில் ஏற்றிவிடுகிறார். முதலில் ஊர்ச் சாதிகள் போனார்கள். பிறகு நம்மில் கொஞ்சம் வசதி வந்தவர்கள் போனோம். ‘போனோம்’ என்றுதான் எழுத வேண்டும். யாரும் சாதி பேசவில்லை. இருந்தும் மிச்சம் இருப்பது 1893இல் இருந்த அதே சேரிப் பள்ளி.

தலித் ஆசிரியரோ சமையலரோ இருக்கும் இடத்தில் இது வெளிப்படையாகவே தெரியும். 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில், தலித் பெண் சமைக்கிறார் என்பதற்காகப் பிள்ளைகளைக் காலை உணவு சாப்பிட விடாமல் பெற்றோர் தடுத்தார்கள். ஆட்சியரே போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் நாங்குநேரியில் தலித் மாணவனை உடன்படிக்கும் மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளத்தை நீக்கச் சொன்னது. பெயர்ப் பலகையை மாற்றுவது நல்லதுதான். ஆனால் எங்கள் பள்ளியின் பலகையில் எந்தச் சாதிப் பெயரும் இல்லை. அது யாருடைய பள்ளி என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

தறி நடத்திய பள்ளி

காஞ்சிபுரத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. கோர்வைச் சேலை நெய்ய, நெய்பவருக்குப் பக்கத்தில் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். பல காலமாக அந்த இன்னொரு ஆள் ஒரு குழந்தை. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அடையும் வரை பிள்ளை தறியை விட்டு எழ முடியாது. 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. அது பேசிய இடங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. பாரம்பரிய நெசவுச் சாதிகள் மட்டும் இதில் இல்லை. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கூலித் தறிக்கு வந்த நம் குடும்பங்களும் இருந்தன. என் பெரியம்மா மகன் அப்படித் தறியில் உட்கார்ந்தவர். நான்காம் வகுப்போடு அவர் படிப்பு முடிந்தது.

1953இல் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் அரைநாள் படிப்பு, மிச்ச நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று சொல்லித் தமிழகமே எதிர்த்தது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் அதைக் கைவிட்டார். ஆனால் எங்கள் ஊரில் எந்த அரசாணையும் இல்லாமல் முன்பணம் அதைப் பல பத்தாண்டு நடத்தியது. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று கதவைத் திரும்பவும் கொஞ்சம் திறந்துவிட்டிருக்கிறார்கள். ‘குடும்பத் தொழில்’ என்ற சொல் நமக்கு எதைக் குறிக்கும் என்று அந்தத் திருத்தம் எழுதியவர்கள் யோசித்திருக்க வாய்ப்பில்லை.

இப்போது சிறு பிள்ளைகள் தறியில் உட்கார்வது வெகுவாகக் குறைந்துவிட்டது. சத்துணவு, சட்டம், தொண்டு அமைப்புகளின் உழைப்பு, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனி வேலை, கூலிக்குக் கட்டாத தறி என்று பல காரணம். பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கு வந்துவிட்ட காலத்தில், எந்தப் பள்ளிக்கு என்பதே புதிய சாதிக் கோடாகிவிட்டது. முன்பு முன்பணத்துக்காக வாங்கிய கடனைச் சில குடும்பங்கள் இன்று பள்ளிக் கட்டணத்துக்காக வாங்குகின்றன. எங்கள் தெருவில் ஒரு அண்ணன் பிள்ளையின் எல்கேஜிக்காக மகளிர் குழுவில் மனைவி பெயரில் கடன் எடுத்திருக்கிறார்.

அரசே திறந்துவிட்ட வழி

கொரோனா காலத்தில் ஒரு வாய்ப்பு வந்தது. கட்டணம் கட்ட முடியாமல் நிறையப் பேர் அரசுப் பள்ளிக்குத் திரும்பினார்கள். ஏசர் ஆய்வின்படி ஊரக இந்தியாவில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 2018இல் 65.6 சதவீதம். 2022இல் 72.9 ஆக உயர்ந்தது. 2024இல் மறுபடி 66.8க்கு இறங்கிவிட்டது. வந்தவர்களைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை. எங்கள் பள்ளியிலும் அப்படித்தான். வந்தவர்களுக்குக் கூடுதல் ஆசிரியர் கொடுத்திருந்தால் சிலராவது தங்கியிருப்பார்கள்.

தமிழ்நாட்டு அரசின் நல்ல திட்டங்களுக்குள்ளேயே ஒரு ஓட்டை இருக்கிறது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் மாத உதவித்தொகை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் (உதவித்தொகைகளுக்கு அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலாவது) படித்திருக்க வேண்டும் என்பது விதி. நம் பிள்ளைகளுக்குப் பெரிய கதவைத் திறந்த திட்டங்கள் இவை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் போன வீடுகளில் பெற்றோர் தெளிவாகச் சொன்னார்கள்: “அஞ்சாவது வரைக்கும் இங்கிலீஷ் ஸ்கூல்ல போட்டுட்டு, ஆறாவதுக்கு கவர்மென்ட்டுக்கு கொண்டாந்துடுவோம்.” மேல்நிலைப் பள்ளிகள் நிறைகின்றன, தொடக்கப் பள்ளிகள் காய்கின்றன. 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளிக்கு அரசே கட்டணம் கட்டி அனுப்புவதும் எல்கேஜி அல்லது ஒன்றாம் வகுப்பிலேயே பிள்ளைகளை எடுக்கிறது.

ஊரை மாற்றி அமைக்கும்போதும் பள்ளியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வேகவதி ஆற்றங்கரைக் குடும்பங்களை ஊருக்கு வெளியே கீழ்கதிர்பூர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றியபோது வீட்டைப் பற்றிப் பேசினோம், பிழைப்பைப் பற்றிப் பேசினோம். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் படித்த பள்ளிகளில் எத்தனை பெயர் அடிபடும், அங்கே எத்தனை ஆசிரியர் குறைவார் என்று நாமும் கேட்கவில்லை. நான் கேட்கவில்லை.

ஒப்பிடும்போது

கல்லூரிப் பிள்ளைகள் ஆய்வுக்காக என்னிடம் வருவதுண்டு. இரண்டு பள்ளிகளை ஒப்பிட வேண்டும் என்றால் முதலில் சேர்க்கை எண்ணை எடுக்கிறார்கள். அது எளிது. ஒவ்வொரு பள்ளிக்கும் 33 என்று தொடங்கும் 11 இலக்க யூடைஸ் எண் இருக்கிறது, இணையத்தில் தட்டினால் வரும். ஆனால் அதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு ‘மக்கள் நிராகரித்த பள்ளி’ என்று எழுதாதீர்கள். நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட நான்கு கேள்விகளைச் சொல்கிறேன்.

இந்தப் பள்ளியைச் சுற்றி இருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் இங்கே வருகிறார்கள், மிச்சப் பேர் எந்தத் தெருவிலிருந்து எங்கே போகிறார்கள்? ஆசிரியர் எண்ணிக்கையை வகுப்பின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தீர்களா? ஐந்து ஆண்டுக்கு முன் இருந்த ஆசிரியர் இப்போது எங்கே? கழிப்பறையை யார் கழுவுகிறார்கள்? கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். நம் பிள்ளைகளே கழுவும் பள்ளி என்றால், அங்கே வாசிப்புத் திறன் எவ்வளவு உயர்வாக இருந்தாலும் அது தரமான பள்ளி இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவையும் விட்டுவிடாதீர்கள். சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். எங்கள் பள்ளியின் குழுவில் இருந்த அம்மாக்களுக்குத் தாங்கள் தீர்மானம் போடலாம் என்பதே தெரியாது. கையெழுத்து மட்டும் போட்டு வந்தார்கள். ஏப்ரலில் முதன்முறையாக ஒரு தீர்மானம் எழுதினோம்: இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் பயிற்சிக்குப் போகும் நாளில் மாற்று ஆசிரியர் வேண்டும். எழுதி முடித்ததும் ஒரு அம்மா அதைச் சத்தமாக இரண்டு முறை வாசித்தார்.

என் வீட்டுக் கணக்கு

1882இல் ஹண்டர் கல்விக் குழுவிடம் ஜோதிராவ் புலே கொடுத்த மனுவில், உழைக்கும் மக்களிடம் வாங்கும் வரிப்பணம் மேல்சாதியாரின் உயர்கல்விக்குப் போகிறது, தொடக்கக் கல்விக்குச் செலவிடுங்கள் என்று கேட்டிருந்தார். 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம், அரசு ஊதியம் வாங்குவோர் தம் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று சொன்னது. இரண்டையும் கூட்டங்களில் மேற்கோள் காட்டிப் பேசியவள் நான். என் மகள் வேனில் போய்க்கொண்டிருந்தாள்.

மே மாதம் வீட்டில் பேசினேன். கணவர் யோசித்துவிட்டுச் சரி என்றார். அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை.

“நான் கல்லு சுமந்து உன்ன படிக்க வெச்சது எதுக்கு? உன் பொண்ணு திரும்ப அதே ஸ்கூல்ல உக்காரவா?” அவர் அழுதுவிட்டார். அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. நம் ஆட்களில் ஒருத்தர் மேலே ஏறினால், அவர் பிள்ளை ஒரு படியாவது மேலே நிற்க வேண்டும் என்பது ஆசை மட்டும் இல்லை. மூன்று தலைமுறைப் பட்டினியின் கணக்கு அது. கொள்கைக்காகப் பிள்ளையைப் பணயம் வைக்கிறாயா என்று ஒரு தோழரும் கேட்டார். அந்தக் கேள்விக்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை. என் மகளுக்கு வீட்டில் புத்தகம் இருக்கிறது, சொல்லிக்கொடுக்க நான் இருக்கிறேன். அந்த அக்காவின் பிள்ளைக்கு அது இல்லை. இழக்க என்னிடம் குறைவு என்பதால்தான் முதலில் நான் போக வேண்டும் என்று நினைத்தேன்.

ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தேன். ஐந்தாம் வகுப்பு முடித்தவர்கள் போக, பள்ளியில் மிச்சம் 44 பிள்ளைகள் இருந்தார்கள். ஜூலை முழுவதும் அலைந்தோம். மேலாண்மைக் குழு அம்மாக்களும் வந்தார்கள். தனியார் பள்ளியிலிருந்து இரண்டு பேர் டிசி வாங்கி வந்தார்கள். ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் 59.

மூன்றாவது ஆசிரியருக்கு இன்னும் இரண்டு பெயர் வேண்டும். கிடைக்கவில்லை. இரண்டே ஆசிரியர்களோடு இந்த ஆண்டும் ஓடுகிறது. என் மகள் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு எல்லாவற்றையும் ஒரே அறையில் கேட்டுக்கொண்டு வருகிறாள். சில நாள் எதுவும் நடத்தவில்லை என்று சொல்கிறாள். அந்த நாட்களில் எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மா இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆனால் காலையில் பேத்தியைப் பள்ளி வாசல் வரை கூட்டிப்போவது அவர்தான்.

போன வாரம் நூல் சுற்றும் அக்காவைப் பார்த்தேன். அவர் பிள்ளை தனியார் பள்ளியில் சேர்ந்துவிட்டது.

“உன் பொண்ண அங்கியா போட்டுருக்கே?”

“ஆமாக்கா.”

“டீச்சர் வந்துட்டாங்களா, மூணாவது ஆளு?”

“இல்லக்கா. ரெண்டு புள்ள குறையுது.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “சின்னவனுக்கு அடுத்த வருஷம் அஞ்சு வயசு ஆவுது” என்றார். சேர்க்கிறேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

மார்ச்சில் மறுபடி போவோம். காஞ்சிபுரத்தில் இருக்கும் மாணவர்கள் யாராவது கூட வரலாம். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பள்ளி இருக்கும். ஆகஸ்ட் 1க்கு முன்னால் அங்கே எத்தனை பிள்ளைகள் குறைகிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.

ஜெய்பீம்.